கண்டென்சிங் பாய்லரின் செயல்திறன்: ஒற்றை எண், வளைகோடு, இயங்கு மாதிரி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பப் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர், சில விதிவிலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாகவே இருக்க வேண்டும். புகையோடு வெளியேறும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அதன் உள்ளுறை வெப்பத்தையும் மீட்பதே இவ்வகையின் சிறப்பு. எனினும் அந்த நீராவி ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் நீராகத் தொடங்கும் என்பதால், ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் நீர் அதைவிடச் சூடாக இருந்தால் மீட்பு நிகழாது. ஆகவே திரும்பும் நீரின் வெப்பநிலையை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கொண்டே பாய்லரின் செயல்திறனைக் கணிக்கும் ஒரு முறையை மதிப்பிட வேண்டும். அத்தகைய முறைகள் மூன்று.

மிக எளியது, ஆண்டு முழுமைக்கும் ஒரே எண்ணைத் தருவது. பிரிட்டனின் செட்பக் (SEDBUK) என்னும் பாய்லர் தரமதிப்பீட்டு முறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 813/2013 விதிமுறையும் முழுச்சுமையிலும் (பாய்லர் முழுத் திறனில் எரியும்போது) 30 சதவீதச் சுமையிலும் எடுத்த ஆய்வக அளவீடுகளிலிருந்தே அந்த எண்ணை வருவிக்கின்றன; பின்னது பகுதிச்சுமைக்கு 0.85, முழுச்சுமைக்கு 0.15 என எடையிடுகிறது. பகுதிச்சுமைச் சோதனையில் திரும்பும் நீர் 30 டிகிரியில் வைக்கப்படுகிறது. 70 டிகிரியில் நீரை அனுப்பும் வீட்டில் அது கிட்டாத நிலை. கடையில் இரண்டு பாய்லர்களை ஒப்பிட இந்த எண் போதும், ஒரு வீட்டின் எரிவாயுச் செலவைக் கணிக்கப் போதாது. (107 சதவீதம் என்ற விளம்பரம் நீராவியின் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத நிகர எரிமதிப்பின்படி சொல்வது, அதையும் சேர்த்த மொத்த எரிமதிப்பில் அது சுமார் 96 சதவீதமே.)

எனர்ஜிபிளஸ் போன்ற கட்டட ஆற்றல் கணிப்பு மென்பொருள்கள் சுமை விகிதத்தையும் நீரின் வெப்பநிலையையும் சார்ந்து செயல்திறன் மாறுவதைக் காட்டும் வளைகோட்டைப் பயன்படுத்துகின்றன. அனுப்பும் நீரை 70 டிகிரியிலிருந்து 55க்குக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்ற கேள்விக்கு இதில் விடை உண்டு. ஆனால் வளைகோட்டை மட்டும் நம்பாமல், ரேடியேட்டர் வெளியிடும் வெப்பம் நீருக்கும் அறைக்கும் இடையிலான சராசரி வெப்பநிலை வேறுபாட்டின் சுமார் 1.3 அடுக்கில் மாறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் திரும்பும் நீரின் வெப்பநிலை சரியாக வரும்.

இயங்கு மாதிரியோ புகையின் சூட்டை நீருக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றியை, நீராவி நீராகாத உலர்பகுதி, நீராகும் ஈரப்பகுதி எனப் பிரித்து, நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. இரண்டு கிலோவாட் போதுமான மிதமான நாளில், ஐந்து கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாத பாய்லர் அடிக்கடி அணைந்து எரிவதையும், ஒவ்வொரு முறையும் விசிறி உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதையும் நேரடியாகக் காட்டுவது இதுவே. அதற்குத் தேவையான நீர்க் கொள்ளளவு, கட்டுப்பாட்டு நிரல் ஆகிய விவரங்களைத் தயாரிப்பாளர்கள் முழுமையாக வெளியிடுவது அரிது. ஊகத்தால் நிரப்பினால் நுணுக்கம் வெறும் தோற்றமாகிவிடும். எனவே வீட்டளவு முடிவுகளுக்கு ரேடியேட்டர் சமன்பாட்டோடு இணைத்த வளைகோட்டையே பரிந்துரைப்பேன். பாய்லர் தேவைக்கு மிகப் பெரியதாக இருக்கும் வீட்டில் மட்டும் இயங்கு மாதிரிக்குச் செலவிடும் உழைப்பு வீணாகாது.