சிட்டுவுக்குப் பச்சைக்கறி: நாலு வருசக் கணக்கு

என் சிட்டு ஒரு சிப்பிப்பாறை நாய். பெட்டை. இப்போது ஆறரை வயது, எடை 17 கிலோ. 2021 ஜூனில் அவளைப் பச்சைக்கறிக்கு, அதாவது சமைக்காத இறைச்சிக்கு, மாற்றினேன். இரண்டரை வருசம், ஒரு மூன்று நாள் கஞ்சியைத் தவிர, சமைத்த பருக்கை ஒன்றுகூட அவள் வாயில் படவில்லை. அப்புறம் நடந்த சில காரியங்களால் இப்போது வேறு மாதிரி போகிறது. "பச்சைக்கறி போடலாமா, உங்க நாய் எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்களிடம் போனில் அரைமணி நேரம் பேசிப் பேசி அலுத்துவிட்டது. அதனால் மொத்தத்தையும் எழுதி வைக்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தாத்தா வளர்த்த நாய்கள் எல்லாம் கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்தவை. கறி என்பது வீட்டில் கறி எடுக்கிற அன்றைக்கு மிஞ்சும் எலும்பு மட்டும்தான். சிட்டு பாளையங்கோட்டைக்கு வந்தபோது அம்மா அதே வழியில் பால்சோறு, தயிர்ச்சோறு என்று ஆரம்பித்தாள். நடுவில் நான் பாக்கெட் தீவனம் வாங்கிப் போட்டேன். எதைப் போட்டாலும் பாதியைத் தின்றுவிட்டு மூக்கால் தட்டைத் தள்ளிவிடுவாள். மாதத்துக்கு இரண்டு தடவை வயிறு இளகும். காதை உதறிக்கொண்டே இருப்பாள். சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிவது வழக்கம்தான், ஆனால் இவளுக்கு இடுப்பு எலும்பும் துருத்திக்கொண்டு நின்றது.

இரண்டாவது ஊரடங்கில் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த நேரம். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து பரவிய முறை இது, பார்ஃப் என்பார்கள். எலும்பு, இறைச்சி, உள்ளுறுப்பு, கொஞ்சம் காய்கறி, எல்லாம் பச்சையாக. அதிலேயே காய்கறியும் வேண்டாம் என்று 80-10-10 கணக்குப் போடும் இன்னொரு கூட்டம் உண்டு: 80 பங்கு கறி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு, அதிலும் பாதி ஈரல். நான் சேர்ந்தது இந்தக் கூட்டத்தில். ஒரு நாளைக்கு நாயின் எடையில் இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். சிட்டுவின் இப்போதைய 17 கிலோவுக்கு 425 கிராம். எலும்புக்குக் கோழிக் கழுத்து இரண்டு போதும். கழுத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு எலும்புதான். ஈரல் 20 கிராமைத் தாண்டக்கூடாது. அதற்கென்றே ஒரு சமையல் தராசு வாங்கினேன்.

கோழிக்கடையில் நாய்க்கு என்று வாயைத் திறந்தால் போச்சு. "நாய்க்கா? வேஸ்ட் தாரேன், எடுத்துக்கிடுங்க சார்" என்று தோலும் குடலும் ஒரு பை நிறைய வரும். முதல் வாரம் அப்படித்தான் வாங்கி ஏமாந்தேன். தோலோடு சேர்ந்த கொழுப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாள் வாந்தி. அதற்கப்புறம் நாய் என்ற பேச்சையே எடுப்பதில்லை. காலையில் ஆறரை மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், கழுத்து இத்தனை, ஈரல் இத்தனை, எலும்பில்லாத கறி இத்தனை என்று வீட்டுக்கு வாங்குகிற மாதிரியே வாங்கிவந்தேன். மேலப்பாளையத்தில் மாட்டுக்கறியும் மாட்டு இருதயமும். மாதத்துக்கு ஏறக்குறைய 13 கிலோ. 2021-இல் 2,900 ரூபாய் ஆனது, 2023 கடைசியில் 3,800.

முதல் கழுத்தை நீட்டியபோது சிட்டு அதை மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வாங்கியவள் தின்னவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னங்காலால் பறித்து, கழுத்தைக் குழிக்குள் வைத்து, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். மறுநாள் சாயங்காலம் தோண்டி எடுத்து, மண்ணோடு மண்ணாகக் கறமுறவென்று கடித்து முழுங்கினாள். நான் கிலோ கணக்கில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த வாரம் அது.

வீட்டில் பெரிய சண்டை ஃபிரிட்ஜைப் பற்றித்தான். "ஏல, சாமி படத்துக்கு நேர ஃபிரிட்ஜ் இருக்கு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா உள்ள கோழிக் கழுத்து தொங்குது" என்றாள் அம்மா. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி முழுக்க என்று எண்ணிப் பார்த்தால் வருசத்தில் மூன்றில் ஒரு பங்கு நாளுக்கு மேல் அவளுக்கு ஆகாது. கடைசியில் மூடப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து 100 லிட்டர் ஃப்ரீசரை 7,500 ரூபாய்க்கு வாங்கி, பின்பக்கம் வாஷிங்மெஷின் பக்கத்தில் போட்டேன். கத்தி, பலகை, தட்டு, துடைக்கிற துணி எல்லாம் தனி. இந்த முறைக்கு எவ்வளவு ஆகும் என்று யாராவது கணக்குச் சொன்னால், ஃப்ரீசரையும் அதன் கரண்ட் பில்லையும் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

பலன் எப்படி? முதல் மாறுதல் மலத்தில். அளவு பாதியாகக் குறைந்தது, கெட்டியாக வந்தது, நாற்றம் கிட்டத்தட்ட இல்லை. எலும்பு கூடிப்போன நாளில் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வரும், முக்குவாள். ஈரல் கூடினால் கறுப்பாக இளகும். இரண்டே மாதத்தில் மலத்தைப் பார்த்தே மறுநாள் தட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். பெருமைப்பட்டுக்கொள்கிற திறமையா அது, தெரியவில்லை. தட்டு காலியாகிற சத்தம் அடுக்களை வரை கேட்டது. நான்கு மாதத்தில் 14 கிலோவிலிருந்து 16.5 ஆனாள், தொடைச் சதை இறுகியது, முடியில் பளபளப்பு வந்தது. கோரைப்பல்லின் அடியில் படிந்திருந்த மஞ்சள் காரை உதிர்ந்துபோனது.

காது அரிப்பு மட்டும் போகவில்லை. கறி மாற்றினால் எல்லா அரிப்பும் போய்விடும் என்று வீடியோவில் அடித்துச் சொன்னார்கள். ஏழு மாதம் காத்திருந்தேன். டாக்டர் காதுக்குள் பஞ்சுவைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, பூஞ்சைத் தொற்று என்று சொட்டுமருந்து எழுதினார். 42 ரூபாயோ என்னவோ. பத்து நாளில் சரியாகிவிட்டது. அந்த ஏழு மாதமும் அவள் சும்மா அவதிப்பட்டாள், அதற்கு நான்தான் காரணம்.

2022 ஜனவரியில் ஆட்டு நுரையீரல் மலிவாகக் கிடைத்தது. பலகையில் வைத்து வெட்டும்போது கத்தி எதிலோ பட்டு, தண்ணீர் பீய்ச்சியடித்தது. பார்த்தால் உள்ளே ஒரு கொப்புளம். கோலிக்குண்டை விடப் பெரிசு, பால்வெள்ளைத் தோல், தெளிந்த நீர். பக்கத்தில் இன்னும் இரண்டு. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். மெசேஜில் பதில் வரவில்லை, நேராகப் போனே வந்தது. "தம்பி, அத நாய்க்குப் போட்றாதீங்க. கீழயும் எறியாதீங்க, எரிச்சிருங்க. கைய நல்லாக் கழுவுங்க." எகினோகாக்கஸ் என்கிற நாடாப்புழுவின் கட்டியாம். ஆடு மாட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் இப்படிக் கட்டியாக இருக்கும். அதைப் பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் புழுவாக வளரும், நாயின் மலத்தில் முட்டை வரும், அந்த முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலில் அதே கட்டி. நாய்க்கு வெளியே ஒன்றுமே தெரியாது. துள்ளிக்கொண்டு திரியும். அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனை நுரையீரலைப் பார்க்காமல் வெட்டிப் போட்டேனோ! சிட்டுவுக்கு அன்றைக்கே பிராசிகுவாண்டல் என்கிற பூச்சி மாத்திரை கொடுத்தோம். ஆட்டு உறுப்பு எதுவானாலும் வேகவைக்காமல் போடுவதை அத்தோடு நிறுத்தினேன். இந்த ஒரு விஷயத்தை நான் பார்த்த எந்த வீடியோவும் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் கசாப்பு முறை வேறு, நம் ஊர் வேறு.

அந்த வருசம் ஆகஸ்ட்டில் பல் போனது. மாட்டு நல்லி எலும்பு கொடுத்தால் பொழுதும் போகும், பல்லும் சுத்தமாகும் என்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் தாடையில் இருக்கிற பெரிய கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மயக்க ஊசி போட்டுப் பிடுங்கவேண்டியதாயிற்று. 6,000 ரூபாய், மூன்று நாள் கஞ்சி. காரை உதிர்ந்த சந்தோசம் அத்தோடு சரி. மாட்டின் மொத்த எடையைத் தாங்குகிற கால் எலும்பு அது, நாய்ப் பல்லையே உடைக்கிற அளவுக்குக் கெட்டி. கோழிக் கழுத்து நொறுங்கும், நல்லி நொறுங்காது. வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள், பச்சை நல்லியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இன்னொன்று, என் நாய்க்கு நடந்ததில்லை. நண்பர் ஒருவர் என்னைப் பார்த்துத் தன் ராட்வைலர் குட்டிக்கும் பச்சைக்கறி ஆரம்பித்தார். எலும்பு தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து வெறும் கறியாகவே போட்டார். வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. நாலு மாதக் குட்டிக்கு முன்னங்கால் வளைந்துவிட்டது. வளர்கிற குட்டிக்கு, அதிலும் பெரிய இனத்துக்கு, கால்சியக் கணக்குத் தெரியாமல் இதில் கை வைக்காதீர்கள். அந்தக் குட்டி தேறிவிட்டது, ஆனால் நடை இன்றும் ஒரு மாதிரிதான்.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் புகுந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் நாலாம் நாள்தான் கரண்ட் வந்தது. ஃப்ரீசரில் 9 கிலோ கறி. மூடியைத் திறக்காமல் வைத்திருந்ததில் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் வாசனை சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் தென்னை மரத்தடியில் குழிதோண்டிப் புதைத்தேன், சிட்டு பக்கத்தில் நின்று ஆர்வமாகப் பார்த்தாள்.

கடையும் இல்லை, கறியும் இல்லை. அம்மா சோறும் அவித்த முட்டையும் பிசைந்து வைத்தாள். இரண்டரை வருசமாக நாய்க்குச் சோறு விஷம் என்று படித்துக்கொண்டிருந்தவன் நான். சிட்டு தட்டை நக்கித் துடைத்தாள். ஒரு வாரம் சோறு-முட்டை. வயிறு இளகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கிற அமிலேஸ் மரபணுப் பிரதிகள் ஓநாயை விட நாய்க்கு மிக அதிகம் என்று 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வை அதற்கப்புறம்தான் படித்தேன். மனிதன் பயிர் செய்ய ஆரம்பித்தபோது கூடவே வந்து கஞ்சி குடித்துப் பழகிய பிராணி அது. தாத்தாவின் கம்பங்கூழ் நாய்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு நேச்சர் இதழ் தேவைப்பட்டிருக்கிறது.

மறுமாதம் தங்கை பிரசவத்துக்கு வந்தாள். அவள் வருவதற்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார்: கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் பச்சைக்கறி வேண்டாம். சால்மொனெல்லா கிருமி மட்டும் இல்லை, லிஸ்டீரியா என்கிற இன்னொரு கிருமி கர்ப்பிணிக்கு மிக ஆபத்து. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010 முதல் 2012 வரை செய்த சோதனையில், விற்பனைக்கு வரும் பச்சை நாய், பூனை உணவு 196 மாதிரிகளில் 15-இல் சால்மொனெல்லா, 32-இல் லிஸ்டீரியா இருந்திருக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் அவை சாகாது, வளராமல் தூங்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாமலே அதன் வாயிலும் மலத்திலும் வெளியே வரும். "மனுசங்க திங்கிற கறிதானே சார்" என்று நானே முன்பெல்லாம் வாதாடுவேன். மனுசன் அதைக் குழம்பில் கொதிக்கவிட்டல்லவா தின்கிறான்.

அப்படி 2024 ஜனவரியிலிருந்து வேகவைத்த கறிக்கும் சோற்றுக்கும் மாறினோம். அதே 425 கிராமுக்கு நிகராக, அதே தராசில். எலும்பு கிடையாது, பதிலுக்கு முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்ஸியில் அரைத்த தூள். ஒரு டீஸ்பூன் தூளில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும், நான் போடுவது அரை டீஸ்பூன். கறி வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் பிசைவேன். வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன், அதுவும் வேகவைத்துத்தான். ஆறு மாதம் கழித்து எடை பார்த்தேன்: 17. முடி அப்படியேதான் இருந்தது. மலம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் யூரியா பழைய அளவை விடச் சற்று இறங்கியிருந்தது. முன்பு கூடுதலாக இருந்ததும் புரதம் அதிகம் தின்றதால்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

ஆக, அவளைத் தேற்றியது கறிதான், அளந்து போட்டதுதான். அது பச்சையாக இருந்ததற்குப் பெரிய பங்கு இருப்பதாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. பல் விஷயத்தில் மட்டும் வித்தியாசம் தெரிகிறது, காரை மெல்லப் படிகிறது. அதனால் குழந்தை ஊருக்குப் போனபிறகு ஞாயிறு காலையில் மட்டும் ஒரு பச்சைக் கழுத்து. துவைக்கிற கல்லுக்குப் பின்னாலேயே தின்று முடிக்க வேண்டும், வாயைக் கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை தவறுவதில்லை. தங்கையும் பிள்ளையும் வருகிற வாரம் அந்த ஞாயிறும் கிடையாது.

வாரத்துக்கு ஒரு கழுத்துக்கு 100 லிட்டர் ஃப்ரீசர் எதற்கு என்று விற்கப் பார்த்தேன். அம்மா விடமாட்டேன் என்கிறாள். ப்ளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, உள்ளே தேங்காய்த் துருவலும் பச்சைப் பட்டாணியும் அடுக்கிவிட்டாள். சிட்டு மட்டும் இன்னும் தினமும் காலையில் அதன் முன்னால் போய் உட்காருகிறாள்.