காரைக்குடியில் மேப் பிரிண்டும் தையல் பைண்டிங்கும்

கல்லுக்கட்டிப் பக்கம், வீட்டுப் பிளான் பிரிண்ட் போடும் சின்ன ஜெராக்ஸ் கடை இது. மினா ஹப்பார்டு என்ற பெண் பயணி 1908-இல் வெளியிட்ட, கனடாவின் லாப்ரடார் பகுதிப் பயண நூலை இங்கேதான் அச்சிட்டு பைண்டிங் செய்தேன். அவர் 1956-இல் காலமானார். நம் சட்டப்படி பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஸ்கேன் பிரதியை அச்சிடத் தடையில்லை.

முன்பு ஆன்லைனில் வாங்கிய மறுபதிப்பில், நூலிலுள்ள மேப்பை அரைப் பக்கத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். பூகோளம் நடத்திய எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மேப்புக்காகத்தானே அந்தப் பெண் அவ்வளவு பாடுபட்டார்! 1903-இல் அவர் கணவர் கையில் இருந்த மேப், கிராண்ட் ஏரியில் ஒரே ஓர் ஆறு சேர்வதாகக் காட்டியது. அதை நம்பியவர், நாஸ்காபி ஆற்றின் முகத்துவாரத்தைத் தவறவிட்டு வேறோர் ஓடையில் ஏறி, பட்டினியால் காட்டிலேயே இறந்துபோனார். அப்போது கூடப் போயிருந்த ஜார்ஜ் எல்சனையும் இன்னும் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு, 1905 ஜூன் 27-இல் மினா கிளம்பினார். இரண்டு படகுகள், சூரியனின் உயரத்தை அளந்து இடத்தைக் கணிக்கும் செக்ஸ்டன்ட் கருவி ஒன்று. நாஸ்காபியில் ஏறி, ஜார்ஜ் ஆற்றில் இறங்கி, ஆகஸ்ட் 27-இல் உங்காவா விரிகுடா. மொத்தம் 576 மைல். இவ்விரு ஆறுகளையும் முதன்முதலில் சரியாகக் காட்டியது அவருடைய மேப்தான். மறுபதிப்பிலோ, கணவர் வழி தவறிய அந்த இடமே வெறும் மைத் தீற்றல்!

கடைத் தம்பியிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிளான் எடுக்கும் பெரிய மெஷினில் முதலில் ஏரிப் பகுதியை மட்டும் சோதனைப் பிரிண்ட் போட்டுக் காட்டினார். எழுத்து தெளிவாக இருந்த பிறகே முழுத் தாளையும் ஓட்டினார். "மடிச்சா கோடு விழுந்துரும் டீச்சர், சுருட்டித் தர்றேன்" என்றார். ஏரிகளின் பெயர்களைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்.

பைண்டிங்குக்கு நூல் தையல் கேளுங்கள், பசை வேண்டாம். இத்தனை பக்கத்துக்குப் பசை தாங்காது. காலிகோ (பருத்தித் துணி) ஒட்டிய முதுகு உறுதியாக இருக்கிறது. படங்கள்தான் கருத்துப்போயின. பெரும்பாலும் மினாவே கோடாக் கேமராவில் எடுத்தவை என்பதால் எனக்கு வருத்தம். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் வழவழப்பான தாள் கேட்டிருந்தால் தெளிவாக வந்திருக்கும் என்று தம்பியும் சொன்னார்.

விலை நியாயம்தான். ஆனால் கல்லூரி புராஜெக்ட் சமயத்தில் கூட்டம் நெரியும், அப்போது போகாதீர்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், பென்டிரைவில் கொண்டுபோங்கள்.