பழைய லாரிக்குத் தளம்: பலகையா, இரும்பா, அலுமினியமா?

சரக்கு ஏற்றும் தளத்துக்கு, எடை குறையும் என்று நம்பி மரப்பலகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர். கணக்குப் போட்டால் கதை வேறு. 2.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள ஒரு சிறிய தளத்தை எடுத்துக்கொள்வோம். 3 மி.மீ. இரும்புத் தகட்டை விரித்தால் ஏறக்குறைய 102 கிலோ வரும். 40 மி.மீ. தடிமனுள்ள வன்மரப் பலகை, கன மீட்டருக்கு 700 கிலோ என்று வைத்தால், 121 கிலோ. 4.5 மி.மீ. அலுமினியம் 53 கிலோவைத் தாண்டாது. இவை மேல்பரப்பின் எடை மட்டுமே. அடியில் ஓடும் குறுக்குச்சட்டங்கள் தனி.

எடையில் தோற்றாலும் என் ஓட்டு பலகைக்குத்தான். கனமான பொருள் விழுந்தால் மெல்லிய தகடு இரண்டு சட்டங்களுக்கு நடுவே குழிந்துவிடும், அந்தக் குழியில் மழைநீர் தேங்கும். பலகை அவ்வளவு எளிதில் குழியாது. உடைந்தாலும் அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம், வெல்டிங் இயந்திரம் தேவையில்லை. சரக்கும் எளிதில் வழுக்காது, வெற்றுத் தளத்தோடு ஓடும்போது தகரச் சத்தமும் குறைவு.

இரும்புத் தளத்தின் உண்மையான பகை மேலே இல்லை, அடியில் இருக்கிறது. தகட்டைக் குறுக்குச்சட்டத்தின் மேல் வைத்து இடைவெளி விட்டு விட்டு வெல்டிங் செய்வது வழக்கம். இரண்டு வெல்டிங்குகளுக்கு நடுவில் முடியளவு சந்து இருக்கும். பெயிண்ட் துப்பாக்கி எட்டாத அந்தச் சந்துக்குள் தண்ணீர் தானாகவே ஏறிக்கொள்ளும். சில மழைக்காலங்களில் துரு பருத்துத் தகட்டை மேலே தூக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும்பில்தான் கட்டுவேன் என்பவர்கள் அந்தச் சந்துகளை சீலன்ட் என்னும் அடைப்புப் பசை கொண்டு அடைத்த பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

பலகைக்கும் சில நிபந்தனைகள் உண்டு. பலகை இரும்பைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டையோ தார்ப்பூச்சோ இருக்க வேண்டும், ஏனென்றால் ஈரமரம் இரும்பை அரிக்கும். செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் என்றால் இன்னும் மோசம்: சாதாரண போல்ட்டையும் தின்னும், அலுமினியத்தையும் தின்னும். அங்கே எவர்சில்வர் போல்ட் போடுவதே நல்லது. நன்கு காய்ந்த பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விடலாம். ஈரமாக இருந்தால் நெருக்கி அடுக்கினால் போதும், காயும்போது இடைவெளி தானே பிறக்கும்.

கருங்கல்லோ பழைய இரும்போ கொட்டி இறக்குகிற வேலை என்றால் நான் சொன்ன எதையும் கேட்க வேண்டாம், தடித்த இரும்புத் தகடே சரி. அலுமினியம் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு. அதன் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். 6061-டி6 போன்ற வெப்பப் பதமூட்டிய கலவையை வெல்டிங் செய்தால், அந்த இடத்தின் வலிமை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். அதனால் அலுமினியத் தளத்தைப் போல்ட்டிலும் ரிவெட்டிலும் கட்டுபவரே விவரம் தெரிந்தவர்.

எந்தப் பொருள் என்பதைவிட, சேஸியோடு, அதாவது லாரியின் அடிச்சட்டத்தோடு, எப்படிச் சேர்க்கிறோம் என்பதே தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஏணி போன்ற சேஸி முறுக்கிக்கொள்ளும். அது பழுது இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். விறைப்பான தளத்தை நேரே வெல்டிங் செய்து ஒட்டினால் அந்த முறுக்கல் முழுவதும் வெல்டிங் முனையில் போய்ச் சேரும், விரிசல் அங்கேயே தொடங்கும். சேஸி பதமூட்டிய இரும்பாக இருந்தால் வெல்டிங் சூட்டில் பதமும் போய்விடும். சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் ‘U’ வடிவ யூ போல்ட் இந்த வகையில் மேல். ஆனால் முறுக்கி இறுக்கும்போது ‘C’ வடிவச் சேஸிச் சட்டத்தின் திறந்த வாய் நசுங்கும், உள்ளே ஒரு தாங்குகட்டை வைத்தாக வேண்டும். புகைக்குழாய் அருகில் அந்தக் கட்டை மரமாக இருக்கக் கூடாது. என் தேர்வு: பின்பக்கம் சேஸியின் பக்கச்சுவரில் போல்ட் போட்ட தகடு, முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த பிடிப்பு. மேல், கீழ் விளிம்புகளில் துளையே போடக் கூடாது. வளையும்போது அதிக இழுவிசையும் அழுத்தமும் அந்த விளிம்புகளில்தான்.

துருப்பிடித்த கேபினில் போட்டி வேறு: ஒட்டுப்போடுவதா, வேறு கேபினையே தேடி ஏற்றுவதா? மாற்றுக் கேபின் கவர்ச்சியானது. ஆனால் அதே மாதிரி லாரியின் கேபின் பெரும்பாலும் அதே இடங்களில்தான் துருப்பிடித்திருக்கும்: கால்வைக்கும் தரை, பின்மூலைகள், கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச்சட்டம். கூரையும் கண்ணாடிச் சட்டமும் நன்றாக இருந்தால் ஒட்டுப்போடுங்கள். கண்ணாடிச் சட்டமே இற்றிருந்தால் வேறு கேபின் தேடுங்கள், ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டு.

ஒட்டு என்றால் துருவின் மேல் தகட்டை வைத்து மூடுவதோ பட்டி பூசி நிரவுவதோ அல்ல. பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்டி, அதே தடிமன் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சிறு சிறு பொட்டாக வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பொட்டு ஆறிய பிறகு தள்ளி அடுத்த பொட்டு, இல்லாவிட்டால் தகடு நெளியும். பெட்டிச்சட்டத்தை வெட்டுவதற்கு முன் கதவு வாயில் குறுக்குக் கம்பி பற்றவையுங்கள். அது இல்லாமல் வெட்டினால் கேபின் சற்றே தொய்ந்து, பிறகு கதவு பொருந்தாது.

துரு நீக்க, சேஸிக்கு மணல் வீச்சு சிறந்தது. அதையே கூரைக்கும் கதவுக்கும் அடித்தால் மெல்லிய தகடு உப்பி நெளியும், அங்கே ரசாயனக் கரைசலும் பொறுமையும்தான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உலர்த்தேய்ப்பை முகக்கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கேபின், தளம் இரண்டையும் கழற்றி வைத்திருக்கும்போதே சேஸி வேலையை முடித்துவிடுங்கள். பிறகு கேபின், கடைசியாகத் தளம். தளத்தின் முன்விளிம்பு எங்கே நிற்கும் என்பதைக் கேபின் தன் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்த பிறகுதான் அளக்க முடியும். இரண்டும் தனித்தனியாக ஆடுபவை, நடுவே கை நுழையும் அளவாவது இடம் வேண்டும்.