ஹார்மோனைச் சரிசெய்கிறோம் என்று அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அரை மாதச் சம்பளம். இனி திரும்பி வராது. வேறு யாரும் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முப்பதைத் தாண்டிய பிறகு தாடையிலும் மோவாயிலும் பருக்கள். பழுத்து உடைகிற ரகம் இல்லை. தோலுக்கு அடியில் கட்டியாக இறுகி, தலையணை பட்டாலே வலிக்கும். அப்போதுதான் இந்தத் தளம் கண்ணில் பட்டது. எச்சில் பரிசோதனைக் குப்பியை வீட்டுக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட் வரும், அதற்கேற்ப மூன்று மாதத்துக்கு மாத்திரை. பெயர் வேண்டாம், இதே வியாபாரம் செய்பவர்கள் நிறைய பேர்.

வீடியோ அழைப்பில் வந்த ஆலோசகர் என் முகத்தைப் பார்த்ததும், "பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி அதிகமாகுமே மேடம்?" என்றார். அந்த ஒரு கேள்விதான். இதுவரை யாருமே கேட்காததைக் கேட்டுவிட்டாரே என்று அங்கேயே பணம் கட்டினேன். பரு வரும் பெண்களில் பலருக்கும் அப்படித்தான் ஆகும் என்று இப்போது தெரிகிறது. 'உங்க மனசுல ஒரு குறை இருக்கு' என்று ஜோசியர் சொல்வாரே, அந்தக் கதைதான்.

ரிப்போர்ட்டில் கலர் கலராக வட்டங்கள், சிவப்பில் 'ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்', அதாவது பெண் ஹார்மோன் மிஞ்சி நிற்கிறதாம். மாத்திரையை ஆரம்பித்ததும் அதுவரை சுத்தமாக இருந்த நெற்றியிலும் பொரிப்பொரியாகக் கிளம்பியது. கேட்டால், "நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி." அப்புறம், "நீங்க சரியா தூங்குறதில்ல." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "டப்பாவைத் திறந்துட்டீங்களே." திறக்காமல் மாத்திரையை எப்படி விழுங்குவதாம்?

தோல் மருத்துவர் முதலில் படித்தது டப்பாவின் லேபிளைத்தான். அதிக அளவு பயோட்டின் என்ற வைட்டமின், கூடவே வைட்டமின் பி12. பி12 சிலருக்குப் பருவையே கிளப்பிவிடுமாம். பயோட்டின் இன்னும் மோசம். ரத்தத்தில் ஹார்மோன் பார்க்கும் சில பரிசோதனைகளையே தப்பாகக் காட்ட வைக்கும். அதை நிறுத்தச் சொல்லி, இடைவெளி விட்டு ரத்தம் எடுத்தார். டெஸ்டோஸ்டிரோன் உட்பட எல்லாம் சரியான அளவு. ரத்தத்தில் ஆண்ட்ரோஜன், அதாவது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன், சரியாக இருந்தாலும், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்குக் கூடுதலாகத் துள்ளலாம், இது சாதாரணமாகப் பார்ப்பதுதான் என்றார்.

அப்படியானால் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு எதைத்தான் சரிசெய்தார்கள்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எரிச்சலில் கை ஓடவில்லை. எச்சிலை வைத்துப் பருவுக்கு மருந்து தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். மாதவிடாய் தாறுமாறாக வந்தால், முகத்தில் முடி வளர்ந்தால், உச்சந்தலையில் முடி மெலிந்தால் மருத்துவரிடம் போங்கள், பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ரத்தம் கொடுக்கும் முன் கருத்தடை மாத்திரை, பயோட்டின் எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். சரியான மருந்துக்கே பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், ஒரே வாரம் என்பவர்கள் பொய் சொல்கிறார்கள். கர்ப்பமாக இருந்தாலும், அதற்கு முயன்றாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகள் எல்லாம் அப்போது கூடாது. பணம் கட்டும் முன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இன்று காலை அங்கிருந்து மறுபடியும் மெசேஜ். இரண்டாம் கட்ட பேக்கேஜாம், பழைய வாடிக்கையாளர் என்பதால் எனக்குத் தள்ளுபடியாம்.