எல்இடி பேனல் லைட்டுக்கு டிரைவர் மாற்றுகிறீர்களா? வாட்டை மட்டும் பார்க்காதீர்கள்

எங்கள் ஹாலில் ஒரே மாதிரி இரண்டு 15 வாட் பேனல் லைட். நான்காவது வருஷம் அதில் ஒன்று மினுக்மினுக்கென்று விட்டு விட்டு எரிந்து, ஒருநாள் அடங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் எல்இடி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வீட்டுக் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டிதான் டிரைவர்; அதற்குள் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது.

கடையில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வாட்?" சொன்னேன். "24 வாட் வரைக்கும் ஓடும், கொண்டுபோங்க" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டியதும் பக்கத்து லைட்டைவிடப் பளிச்சென்று எரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலே மாதத்தில் ஒரு எல்இடியின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி விழுந்தது. என் பேனலில் எல்லாமே சீரிஸ் இணைப்பு. ஒன்று போனதும் மொத்தமும் அணைந்துவிட்டது.

அப்புறம்தான் இரண்டு டிரைவரின் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழையதில் அவுட்புட் 36–60 வோல்ட் டிசி, 300 மில்லி ஆம்பியர். புதியதில் 450. ஒன்றரை மடங்கு கரண்ட் போனால் எல்இடி எப்படித் தாங்கும்? இந்த வகை டிரைவர் கரண்டை ஒரே அளவில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மில்லி ஆம்பியர் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்; வோல்ட்டைப் பொறுத்தவரை, பேனலுக்கு வேண்டியது லேபிளில் உள்ள எல்லைக்குள் இருந்தால் போதும்.

ஸ்ட்ரிப் லைட், மேஜை விளக்கு அடாப்டருக்குக் கணக்கு நேர்மாறு. 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தான் வேண்டும். ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. பின்னின் அளவும் பிளஸ் மைனஸும் ஒத்துப்போக வேண்டும்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது லைட்டின் டிரைவரும் போனது. இந்தத் தடவை பழைய டிரைவரைக் கையோடு எடுத்துப்போய், அதே 300 மில்லி ஆம்பியர், அதே வோல்ட் எல்லை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். எங்கள் தெருவில் கோடையில் லோ வோல்டேஜ் தொல்லை உண்டு என்பதால் இன்புட் 100–300 வோல்ட் என்று போட்டதையே கேட்டு எடுத்தேன். முதலில் பேனலில் சொருகிவிட்டு, பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். டிரைவர் வெறுமனே ஓடும்போது சொருகினால், ஏறி நிற்கும் வோல்ட் எல்இடியை அடித்துவிடும்.

இரண்டரை வருஷம் ஆகிறது. தினமும் ஆறு மணி நேரம் எரிகிறது, மினுக்கல் இல்லை. போன மே மாதம் சீலிங்கைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிகிற சூடுதான்.