மன்னார்குடி ஈரத்தில் ஏழு வருடம்: கையால் தைத்த பர்ஸும் தோள்பையும்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்த அடியில் எங்கள் தெருவில் மரமும் மின்கம்பமும் சேர்ந்தே சாய்ந்தன. கரண்ட் திரும்ப வரப் பல நாள் ஆனது. உரக்கடையில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. கடையும் பூட்டிக் கிடந்தது. அதற்குச் சில மாதம் முன்பு சென்னை போனபோது பெரியமேட்டில் வாங்கி வந்த வெட்டுத் துண்டுத் தோல் ஒரு பை நிறையப் பிரிக்காமலே இருந்தது. திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து அதில்தான் முதல் பர்ஸைத் தைத்தேன். அந்த பர்ஸ் இன்றும் என் பேன்ட் பையில் இருக்கிறது. நான்கு வருடமாகத் தினமும் தோளில் தொங்கும் பை ஒன்றும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டும் உழைத்த கதை உதவும்.

முதலில் பர்ஸ். அளவை இணையத்தில் கிடைத்த ஒரு வெளிநாட்டு மாதிரியிலிருந்து அப்படியே எடுத்தேன். டாலர் நோட்டின் உயரம் சுமார் 66 மி.மீ. நம் பழைய நூறு ரூபாய் நோட்டு 73 மி.மீ. தைத்து முடித்து நோட்டை வைத்தால் தலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது வரும் ஊதா நூறும் ஐந்நூறும் 66 மி.மீ. உயரம்தான், ஆனாலும் பழைய நூறு இன்னும் கைக்கு வருகிறது. அதனால் உள் உயரம் 80, உள் நீளம் 165 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் அட்டையின் அகலம் 85.6 மி.மீ. தையலுக்கும் தையலுக்கும் நடுவில் 90 விட்டால் போதும். முதல் வாரம் அட்டையை இழுத்து எடுக்க வேண்டியிருக்கும். ஒரு மாதத்தில் தோல் இளகி இடம் கொடுத்துவிடும். தாராளமாக விட்டீர்கள் என்றால் ஆறு மாதத்தில் அட்டை தானாக நழுவி விழும்.

தோல் விஷயத்தில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: மரப்பட்டையில் பதனிட்டதா, குரோம் உப்பில் பதனிட்டதா? வெட்டுமுகத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். உள்ளே நீலச் சாம்பல் நிறம் ஓடினால் குரோம். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் தோலை அழுகாமல் காக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கம் தலைமுறைகளாக இந்த முறையில் பதனிட்டு வருகிறார்கள். ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் புவிசார் குறியீடும் உண்டு. காவிரி ஓடும் ஊரிலேயே இவ்வளவு நல்ல தோல் உருவாகிறது என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கைத்தையல் பழக இதைவிடப் பொருத்தமான தோல் கிடையாது. ஓரத்தை ஈரம் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். குரோம் தோலில் எவ்வளவு தேய்த்தாலும் அது வராது, ஓரத்துக்கு பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

கனம் சொல்கிறேன். பர்ஸின் வெளிப்பக்கத்துக்கு 1.2 மி.மீ., உள் அறைகளுக்கு 0.8. பைக்கு 1.8 முதல் 2 வரை. என் முதல் பர்ஸ் முழுக்க 1.5-இல் வெட்டியது. மடித்தால் செங்கல் மாதிரி இருந்தது. அப்படியும் அதைத் தூக்கிப் போடவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டாம் வருடத்தில் தட்டையாகி, இப்போது நான் வைத்திருப்பதிலேயே அழகான பொருள் அதுதான். நீங்கள் தைக்கும் முதல் பொருளையும் தயவுசெய்து நீங்களே பயன்படுத்துங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள், அலமாரியிலும் வைக்காதீர்கள். எந்த மூலை முதலில் தேயும், எந்தத் தையல் முதலில் தளரும் என்று கைக்குப் புரிவது அப்போதுதான்.

தையல் எனக்கு வந்தது பேருந்து நிலையத்தின் அருகில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடமிருந்து. என் பர்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நூலுக்கு மெழுகு போட்டியா?"

"இல்லண்ணே."

"மெழுகு போடாம தைச்சா தோலே நூலை அறுத்துரும். நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு கேளு, கொடுப்பான்."

அன்றிலிருந்து மூன்று மாதம் ஞாயிறு காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கற்றுக்கொள்ளும் நேரத்துக்குப் பணம் கொடுத்தேன். அவர் முதலில் வாங்க மறுத்தார், நான் விடவில்லை. இந்தத் தொழிலைப் பிறப்பால் சுமத்தப்பட்டுச் செய்தவர்களுக்கு நம் ஊர் மரியாதை கொடுத்ததில்லை. நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்கு வாழ்நாள் இழிசொல்லாக இருந்திருக்கிறது. அவர்களிடம் கற்றால் கூலி கொடுத்துக் கற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீட்டிலும் அத்தை, "தோலை நடு வீட்டுல வெச்சு என்னடா வேலை?" என்று கேட்டார். மாமாவின் மிருதங்கம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் வாரும் எருமைத் தோல்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது அவருடைய மூக்குக்கண்ணாடி உறை நான் தைத்தது.

தையல் முறை இதுதான். ஒரே நூல், இரண்டு முனையிலும் மழுங்கிய ஊசி. குத்தூசியால் துளை போட்டு, ஒரே துளைக்குள் ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்தும் மற்றது அந்தப் பக்கமிருந்தும் போக வேண்டும். எந்த ஊசி முதலில் போகிறதோ, கடைசிவரை அதே வரிசை. மாற்றினால் தையல் கோணும். நூலின் நீளம் தைக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு. முடிவில் மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு வெட்டுங்கள். மெஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் உருவிக்கொள்ளும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். ஏழு வருடத்தில் என் பர்ஸில் மறுபடி தைத்தது ஒரே மூலை, எட்டுத் தையல். துளைகளை நெருக்கிப் போட வேண்டாம். இரண்டாவது பர்ஸில் அழகுக்காக 2 மி.மீ. இடைவெளியில் தடித்த நூலால் தைத்தேன். தபால்தலை கிழிவது மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்தது. பர்ஸுக்கு 4 மி.மீ. இடைவெளி, 0.6 மி.மீ. தடிமன் நூல். பைக்கு 5 மி.மீ., 0.8 நூல்.

கருவிக்காகக் காத்திருக்காதீர்கள். எனக்குத் தொடக்கச் செலவு 700 ரூபாய்க்குள். துளைக்கு இடைவெளி குறிக்கச் சாப்பாட்டு முள்கரண்டி, அடிக்க மரச்சுத்தி, கீழே சமையலறை வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டு, அதன்மேல் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை. ஓரம் தேய்க்கத் தண்ணீரும் பழைய கேன்வாஸ் துணியும். கத்திக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பத்து வெட்டுக்கு ஒரு முறை புது பிளேடு மாற்றுங்கள்.

பையின் கதை வேறு. முதல் பையின் வார் எட்டே மாதத்தில் இரண்டு அங்குலம் நீண்டது, வளையம் மாட்டிய இடம் பிய்ந்தது. காரணம், வாரை வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டியிருந்தேன். வயிற்றுத் தோல் தளர்ந்தது, இழுத்த பக்கமெல்லாம் போகும். வாருக்கு முதுகுப் பகுதிதான், அதுவும் முதுகெலும்பு ஓடும் திசையில் நீளவாக்கில் வெட்ட வேண்டும். வளையம் மாட்டும் இடத்தில் பின்பக்கம் இன்னொரு துண்டு கொடுத்துச் சதுரமாகத் தையுங்கள். இப்போது தோளில் இருப்பது அப்படி வெட்டியது. டிபன் பாக்ஸ், கணக்கு நோட்டு, தண்ணீர் பாட்டில் என்று நான்கு வருடம் சுமந்தும் வார் நீளவில்லை.

டெல்டாவில் தோலுக்கு முதல் எதிரி ஐப்பசி, கார்த்திகை. ஒரு மழைக்காலத்தில் பையை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பூட்டினேன். பத்து நாளில் வெள்ளைப் பூசணம். வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றாட வைத்தேன். போய்விட்டது. வெயிலில் போடாதீர்கள், அப்பளம் மாதிரி விறைத்துவிடும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே கசங்கிய செய்தித்தாள் வைத்தால் போதும். பித்தளைப் பட்டனில் பச்சை பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை அப்படித்தான் ஆகும். எண்ணெயும் அளவோடுதான். வருடத்துக்கு இரண்டு முறை, விளக்கெண்ணெய் நான்கு சொட்டு, துணியில் தொட்டுத் தோலில் தடவுங்கள். நல்லெண்ணெய் போட்ட ஒரு பர்ஸ் மாதக்கணக்கில் பிசுபிசுத்தது.

இரண்டாவது எதிரி இரும்பு. ஈரமான பட்டைத் தோலின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஸ்கேல் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து நம் முன்னோர் மை செய்தது இதே வினைதான்: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து தடவியதில் பாதி மறைந்தது. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் இரும்பு அதிகம், வாளியில் துருக்கறை படியும். தோலை நனைக்க மழைநீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

இப்போது அப்பாவுக்கு வெற்றிலைப் பை வெட்டியிருக்கிறேன். வெற்றிலைக்கு ஓர் அறை, சீவலுக்கு ஓர் அறை, சுண்ணாம்புக்கு ஓர் அறை. தோலில் இருக்கும் முடியைக் களையவே தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பில்தான் ஊறப் போடுவார்கள், அவ்வளவு காரம். அதனால் சுண்ணாம்பு நேராகத் தோலில் படாதபடி அந்த அறைக்குள் சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவின் அளவெடுத்து அறையும் வெட்டியாயிற்று. பை மூடியின் ஓரத்தை மட்டும் இன்னும் சீவவில்லை, அதற்கு இன்று புது பிளேடு வாங்க வேண்டும்.