பீட்டில் முன் பீமில் மரை போனால்: எம்12×1.5 வயர் இன்செர்ட் கிட் எப்படி?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் முன் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரே பீமில் இருக்கிறது. அந்த பீமை ஃப்ரேம் ஹெட்டோடு (அடிச்சட்டத்தின் முன்முனை) பிடித்திருப்பவை நான்கே நான்கு எம்12×1.5 போல்ட்டுகள் (விட்டம் 12 மி.மீ., பிட்ச் எனப்படும் மரை இடைவெளி 1.5 மி.மீ.). அவற்றில் ஒன்று இறுக்க இறுக்கச் சும்மா சுற்றினால், அந்தக் கார் ரோட்டுக்கு வரக்கூடாது. (1302, 1303 மாடல்களில் முன்பக்கம் பீம் இல்லை, மெக்பெர்சன் ஸ்ட்ரட். அவற்றுக்கு இது பொருந்தாது.) போன மரையைத் திரும்பக் கொண்டுவர ஹெலிகாயில், ரீகாயில், வி-காயில் என்ற பெயர்களில் வரும் வயர் இன்செர்ட் (பெரிதாக்கிய துளையில் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) கிட்டுகளைப் பற்றியது இந்த மதிப்பீடு.

முதலில், மரை ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும். போல்ட்டின் நுனி ஃப்ரேம் ஹெட்டின் உட்குழிவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சேறும் தண்ணீரும் பட்டு அந்த நுனி துருப்பிடிக்கும். கழற்றும்போது துருவேறிய அந்த நுனி, நல்ல மரை முழுவதையும் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். இம்பாக்ட் கன் வைத்து ஒரே மூச்சில் கழற்றினால் மரையும் கூடவே வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திருப்பி இறுக்கி, மறுபடியும் கழற்றுவதே சரியான முறை. இரண்டாவது காரணம் இன்னும் மோசம். கடையில் எம்12 போல்ட் கேட்டால் பெரும்பாலும் 1.75 பிட்ச்தான் கையில் தருவார்கள். அது 1.5 பிட்ச் துளையில் ஓரிரு சுற்று ஏறிப் பிடிக்கும். "டைட்டா இருக்கு" என்று நீள ஸ்பேனர் போட்டால் கதை முடிந்தது. வாங்கும்போதே பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள்.

நட்டு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்பார்கள். பீட்டிலில் பெட்ரோல் டேங்க் முன்பக்கம், கிட்டத்தட்ட இந்த இடத்துக்கு மேலேயே இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் இங்கே வெல்டிங்கும் கூடாது, கேஸ் டார்ச்சும் கூடாது. நெருப்பே தேவைப்படாது என்பதுதான் வயர் இன்செர்ட்டின் முதல் லாபம். ஆனாலும் ட்ரில் ஓட்டும்போது பொறி பறக்கலாம். டேங்கைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

கிட்டில் பொதுவாக இருப்பவை: 12.4 மி.மீ. ட்ரில் பிட், தனி அளவு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி), செருகும் கருவி, அந்தக் கருவி பிடிக்க இன்செர்ட்டின் அடியில் இருக்கும் நாக்கை உடைக்கும் கம்பி, சில இன்செர்ட்டுகள். மலிவு கிட்டுகளில் சில நேரம் ட்ரில் பிட் இருக்காது, இருந்தாலும் சீக்கிரம் மழுங்கும். பிட்டைத் தனியாக நல்லதாக வாங்குவதில் தவறில்லை. டேப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அது வெட்டும் மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 13.95 மி.மீ. அதனால்தான் "எம்14×1.5 டேப் போதுமே" என்று சில ஒர்க்‌ஷாப்களில் சொல்கிறார்கள். வித்தியாசம் 0.05 மி.மீ. அளவுதான், இன்செர்ட் ஏறியும் விடும். ஆனால் பிடிப்பு சற்றுத் தளர்வாக அமையும். பீமைத் தாங்கும் இடத்தில் அந்தத் தளர்வு வேண்டாம்.

ட்ரில் போடுவதுதான் கஷ்டமான கட்டம். எம்12×1.5 துளையின் உள்விட்டம் 10.4 மி.மீ. அருகே இருக்கும். அதாவது பக்கத்துக்கு ஒரு மி.மீ. மட்டுமே சீவ வேண்டும். இவ்வளவு மெல்லிய சீவலில் ட்ரில் பிட் மரையைக் கவ்வி, மெஷினைக் கையிலிருந்து பிடுங்கும், துளையும் கோணலாகும். குறைந்த வேகத்தில் 11, 11.5, 12, 12.4 என்று படிப்படியாக ஏறுங்கள். பீம் முழுவதும் கழன்று நேராக நிற்க இடம் இருந்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். பாதி இறக்கிய பீமுக்குப் பின்னால் கையை நுழைத்துச் செய்யும் வேலை அல்ல. டேப்பை நேராகப் பிடிக்க, 14 மி.மீ. துளையிட்ட ஒரு கனத்த இரும்புத் துண்டை வழிகாட்டியாக வைத்தால் நிம்மதி. கட்டிங் ஆயில் தாராளமாக. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. தூளைக் காற்றடித்து வெளியேற்றி, பிரேக் கிளீனரால் கழுவுங்கள்.

இன்செர்ட் 1டி, 1.5டி, 2டி போன்ற நீளங்களில் கிடைக்கும் (டி என்பது போல்ட்டின் விட்டம்). எம்12-க்கு 1.5டி என்றால் 18 மி.மீ. துளையில் உண்மையில் எவ்வளவு மரை நீளம் இருக்கிறது என்று அளந்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மேல் முனை, விளிம்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே இறங்கி நிற்க வேண்டும். பிறகு நாக்கை உடைத்து, உடைந்த துண்டை வெளியே எடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்ப முடியாது. நீள மூக்கு பிளையரே உதவும். நாக்கை உடைக்காமல் விட்டால் போல்ட் நுனி அதில் முட்டி, சுருள் முழுவதையும் கீழே தள்ளிவிடும். இன்செர்ட் தோற்றுப்போனதாகச் சொல்லப்படும் பல இடங்களில் நடந்தது இதுதான்.

மாட்டும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, அதன் பிறகே டார்க் ரெஞ்ச். இறுக்கம் 50 நியூட்டன் மீட்டர்.

பின்பக்கம், ஸ்பிரிங் பிளேட் (பின் சக்கரத்தை டார்ஷன் பார் என்ற முறுக்கு ஸ்பிரிங் கம்பியோடு இணைக்கும் பட்டை) மூடியின் நான்கு எம்10×1.5 போல்ட்டுகளும் இதே கூத்துக்குப் பேர்போனவை. இங்கே குற்றவாளி ரப்பர் புஷ். புது புஷ் போட்டதும் மூடி முழுதாக உட்காராது. இரண்டு மூன்று மரை மட்டுமே பிடித்த குட்டை போல்ட்டால் ரப்பரை அமுக்கி இழுத்தால் மரை உருவிக்கொண்டு வரும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு நீள போல்ட் போட்டு மூடியை இழுத்து உட்காரவைத்து, மற்ற இரண்டையும் ஏற்றிய பிறகு நீளமானவற்றை மாற்றுங்கள். ரப்பரில் டால்க் பவுடர் தடவலாம், கிரீஸ் கூடாது. ஸ்பிரிங் பிளேட் டார்ஷன் பாரின் முறுக்கோடு நிற்கும் பாகம். ஸ்டாப்பைத் தாண்டினால் அறைந்து இறங்கும். ஜாக்கும் சங்கிலியும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இந்த எம்10 துளைகளுக்கு எங்கள் தேர்வு வயர் அல்ல, டைம்-செர்ட் வகைக் கெட்டி புஷ் (உள்ளும் வெளியும் மரையுள்ள உலோகக் குழாய்). விலை பல மடங்கு, விளிம்பு உட்கார ஒரு கூடுதல் வெட்டும் உண்டு. ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்தில் வயர் சுருள் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வர வாய்ப்பு அதிகம். கெட்டி புஷ்ஷின் அடி மரைகளை செருகும் கருவியே விரித்துப் பூட்டிவிடுவதால் அது அசையாது. வருடக்கணக்கில் தொடாத பீம் போல்ட்டுக்கு வயர் இன்செர்ட் தாராளமாகப் போதும். சுற்றியிருப்பது இரும்பு, இன்செர்ட்டின் வெளிமரை பழையதைவிடப் பெரியது. சரியாகப் போட்டால் பழைய மரைக்குச் சளைக்காது.

இந்தக் கிட்டால் தீராதவையும் உண்டு. துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தாலோ, மரை இருக்கும் குமிழே வெல்டிங் விட்டு உள்ளே சுற்றினாலோ, சுற்றுத் தகடு துருவால் உதிர்ந்தாலோ கிட் வாங்கும் பணம் வீண். ட்ரில் எடுக்கும் முன் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, குமிழைச் சுற்றி சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று மொத்தைச் சத்தம் வந்தால் அது ஃப்ரேம் ஹெட் மாற்றும் வேலை.